மகமைக் கணக்கு: வியாபாரிகளின் கேள்விகளும் பதில்களும்

கடை நடத்திக்கொண்டே ஊர்க் காரியங்களையும் இழுத்துப் போட்டுச் செய்கிறவர்கள் சென்னையின் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

வருமானத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்க விரும்புகிறேன். விற்பனையில் ஒதுக்குவதா, லாபத்தில் ஒதுக்குவதா?
மளிகை மொத்த வியாபாரி, கொத்தவால் சாவடி

பழைய வியாபாரிகள் இரண்டிலும் ஒதுக்கவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று வைத்தார்கள். அதற்குப் பெயர்தான் மகமை. சரக்கு கை மாறும்போதே மூட்டைக் கணக்கில் ஒரு சிறு தொகை தனியே போய்விடும். விருதுநகரில் 1885இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது இப்படிச் சேர்ந்த பணத்தில்தான். வீடுகளிலிருந்து பிடி அரிசியும் வந்தது.

இந்த முறையின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், முதலாளியின் மனநிலைக்கு அதில் வேலை இல்லை. லாபத்தில் பங்கு என்றால், நஷ்டம் வந்த மாதம் ஒன்றும் இல்லை. லாபம் வந்த மாதமும் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்றாகிவிடும். விற்பனையில் சதவீதம் என்றால் வேறு ஆபத்து. மாதம் 10 லட்சம் விற்று, ரூபாய்க்கு 4 காசு நிகரமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது 40,000. விற்பனையில் நூற்றுக்கு ஒன்று என்றால் 10,000. லாபத்தில் கால் பங்கு போய்விடும். உற்சாகத்தில் தொடங்குகிறவர்கள் ஆறாம் மாதம் நிறுத்துவது இதனால்தான்.

உங்கள் கடைக்கு மூட்டைக்கு ஒரு ரூபாய் சரியாக இருக்கும். ஒரு நாளைக்கு 60 மூட்டை, மாதம் 26 நாள் என்றால் 1,560 ரூபாய். இரவு கல்லாவை எண்ணி முடிக்கும்போதே அதை எடுத்துவிடுங்கள், மாதக் கடைசிக்கு வைக்காதீர்கள். அதற்கென்று தனி சேமிப்புக் கணக்கு வேண்டும். கடையின் நடப்புக் கணக்கிலேயே கிடந்தால் சரக்கு லாரி வந்த அன்றைக்கு அதுவும் சரக்காகிவிடும்.

பேரேட்டில் இதைக் கடைச் செலவாக எழுதக் கூடாது, முதலாளி எடுப்பு என்றுதான் எழுத வேண்டும். தர்மம் தொழில் செலவில் சேராது; வரிச் சலுகை இருந்தால் அது வேறு வழியில் வரும். கூட்டாளிகள் இருந்தால் மகமைத் தொகையைக் கூட்டு ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஒருவர் கொடுத்துவிட்டு இன்னொருவர் முணுமுணுக்கும் நிலை வராது.

இன்னொன்று. கடைச் சரக்கையே தானமாகக் கொடுக்கிறவர்கள் ஜிஎஸ்டியில் தவறு செய்கிறார்கள். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது. பத்து மூட்டை கொடுத்தால், அந்தப் பத்து மூட்டைக்கு எடுத்த கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். கொடுத்த அன்றே ஒரு துண்டுச் சீட்டில் பொருள், அளவு, வாங்கிய பில் எண் மூன்றையும் எழுதிக் கணக்காளரிடம் கொடுத்துவிட்டால் போதும்.

சிஎஸ்ஆர் என்று சொல்கிறார்களே, அது என் கடைக்கும் உண்டா?
ஹார்டுவேர் கடை உரிமையாளர், பெரம்பூர்

இல்லை. சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு, அது கம்பெனிகளுக்கு மட்டும். அதிலும் நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் கடைசி மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 சதவீதம் செலவழிக்கும் கடமை. 'உங்களுக்கும் கட்டாயம்' என்று யாராவது ரசீதுப் புத்தகத்தோடு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து பத்து வருடமாக ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறோம். டிரஸ்ட் பதிவு செய்தே ஆக வேண்டுமா? செய்தால் எதில் கவனம் வேண்டும்?
ஜவுளி வியாபாரி, பழைய வண்ணாரப்பேட்டை

நான்கு பேரின் சொந்தப் பணம்தான், வெளியில் வசூல் இல்லை என்றால் பதிவு கட்டாயமில்லை. ஒரு நோட்டு, ஒரு வங்கிக் கணக்கு போதும். வெளியாரிடம் பணம் வாங்கத் தொடங்கினாலோ, இடமோ கட்டடமோ வாங்கினாலோ, நீங்கள் நால்வரும் இல்லாத காலத்திலும் இது நடக்க வேண்டும் என்று நினைத்தாலோ பதிவு செய்யுங்கள். சங்கமாகப் பதிவதானால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பொதுக்குழு, தேர்தல், ஆண்டுதோறும் அறிக்கை எல்லாம் உண்டு. நான்கு பேருக்கு டிரஸ்ட்தான் பொருத்தம். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம் பதிவாகும்.

பத்திரத்தில் வழக்கமாக நடக்கும் பிழைகளைச் சொல்கிறோம். முதலாவது, பழைய மாதிரிப் பத்திரத்தைப் பார்த்து '1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி' என்று எழுதிவிடுகிறார்கள். அது தனியார் டிரஸ்டுக்கான சட்டம். நீங்கள் எழுதுவது பொது அற டிரஸ்ட். நோக்கத்தை எழுதும்போது எதையும் விடாமல் நாற்பது நோக்கம் எழுதுவது இன்னொரு பழக்கம். கல்வி, மருத்துவம், வறியோர் உதவி என்று மூன்று போதும். ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ என்று எழுதினால் வரி விலக்கில் சிக்கல் வரும். 'எங்கள் குடும்பத்தாருக்கு முன்னுரிமை' என்ற வரி எங்கேயும் இருக்கவே கூடாது.

அறங்காவலர் ஒருவர் இறந்தால் அல்லது விலகினால் அடுத்தவர் யார், எப்படி நியமிப்பது, கருத்து வேறுபாடு வந்தால் எத்தனை பேர் சொன்னால் முடிவு என்பதுதான் பத்திரத்தின் உயிர். நால்வர் என்றால் இரண்டுக்கு இரண்டு பிரியும். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ, பேங்கில் இருந்தவரோ அமைந்தால் நல்லது. காசோலையில் இருவர் கையெழுத்து என்பதையும் பத்திரத்திலேயே போடுங்கள்.

பிறகு வருமான வரிப் பதிவு. முதலில் தற்காலிகப் பதிவு மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். பணி தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது அந்தத் தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இவற்றில் எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டு அலையும் டிரஸ்டுகள் ஏராளம். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும், 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். டிரஸ்ட் பணத்தை அறங்காவலரின் கடைக்குக் கைமாற்றாகக் கொடுத்தால், வட்டியோடு திருப்பினாலும் தப்பு தப்புதான். வரி விலக்குக்கே ஆபத்து வரலாம். சீசன் நேரத்தில் பத்து நாளைக்கு என்று எடுப்பதில்தான் பெரும்பாலும் இது தொடங்குகிறது.

கொடுப்பவர்களுக்குக் கிடைக்கும் 80ஜி என்ற வருமான வரிச் சலுகை பற்றி: 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபின் பிரிவு எண்கள் மாறிவிட்டன, பேச்சில் மட்டும் 80ஜிதான் நிற்கிறது. உள்ளூர் டிரஸ்டுக்குக் கொடுத்ததில் பாதித் தொகை கழியும், அதுவும் மொத்த வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழியாது. அரிசியாக, துணியாகக் கொடுத்ததற்கும் கழியாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபருக்கு இந்தச் சலுகையே இல்லை. கூட்டு நிறுவனம் தன் கணக்கிலிருந்து கொடுத்தால் நிறுவனத்தின் ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். பலர் இதைக் கவனிப்பதில்லை.

டிரஸ்டுக்கு அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் பணம் அனுப்புகிறேன் என்கிறான். வாங்கலாமா?
அதே வாசகர்

அவர் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால், அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் பதிவு இல்லாமல் ஒரு டாலர்கூட டிரஸ்ட் கணக்கில் விழக் கூடாது. பதிவுக்கு டிரஸ்ட் மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். அவர் ஊருக்கு வரும்போது ரூபாயாகக் கொடுத்தாலும் வெளிநாட்டவர் பணம் வெளிநாட்டுப் பணமே.

சென்னையில் வியாபாரம் செய்து, சம்பாதித்ததை ஊருக்கே திருப்பியவர்களில் முக்கியமானவர்கள் யார்? கடைக்காரர் சங்க ஆண்டு விழாவில் பேச வேண்டும்.
பாத்திரக் கடை, சைதாப்பேட்டை

உங்கள் பேட்டையிலேயே தொடங்குங்கள். அடையாறு ஆற்றின் மேல் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறதே, அந்த இடத்தில் முதல் பாலத்தைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். ஆண்டு 1726. பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் பணத்தில் ஆனது. பாலத்துக்கு 30,000 வராகன் (அந்தக் காலப் பொன் நாணயம்) செலவழித்ததோடு, அதைப் பழுதுபார்க்க 1,500 வராகனைத் தனியே வைத்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பராமரிப்புக்கும் பணம் வைத்துவிட்டுப் போனவர்! மார்மலாங் பாலம் என்று அழைக்கப்பட்ட அது இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 1966இல் இன்றைய பாலம் வந்தது. அவர் வைத்த கல்வெட்டு இன்னும் பாலத்தருகே நிற்கிறது. சங்கத்தார் ஒரு நாள் போய் அதைச் சுற்றிச் சுத்தம் செய்தால் பேச்சைவிட நன்றாக இருக்கும்.

அடுத்தவர் பச்சையப்ப முதலியார். 1754இல் பிறந்தவர். வெள்ளைக்கார வணிகர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருக்கும் துபாஷி வேலையில் பெரும் செல்வம் சேர்த்து, 1794இல் நாற்பது வயதில் இறந்தார். சாகும் முன் கோயில் அறங்களுக்கென்று உயில் எழுதிவைத்தார். உயில் இருந்தும் என்ன நடந்தது? பணம் பல்லாண்டுகள் வழக்கில் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் எடுத்த முயற்சியில் நீதிமன்ற ஏற்பாடு வந்து, சேர்ந்திருந்த உபரியிலிருந்து 1842இல் பள்ளி திறந்தார்கள். அதுதான் பின்னால் பச்சையப்பன் கல்லூரி. கொடுத்தவர் இறந்ததற்கும் முதல் மாணவன் பெஞ்சில் உட்கார்ந்ததற்கும் நடுவில் 48 ஆண்டு. இந்தக் கணக்கை மேடையில் சொல்லுங்கள், டிரஸ்ட் பத்திரம் எழுதாமல் தள்ளிப்போடுகிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூன்றாமவர் சர் பிட்டி தியாகராயர் (1852–1925). நெசவுத் தொழில் நடத்தியவர், நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர், சென்னை மாநகராட்சியின் தலைவர். அவர் காலத்தில் 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள்; ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். மற்ற சில பள்ளிகளுக்கும் போனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவை அரசு ஏற்காததால் 1925இல் நின்றுவிட்டது. சொந்தக் கையிலிருந்து நூறு பேருக்குப் போடுவதைவிட, ஒரு மன்றத்தில் உட்கார்ந்து தீர்மானமாக்குவது பெரிய வேலை. ஆனால் எந்தத் தலைப்பில் பணம் வருகிறது என்பதை உறுதி செய்யாவிட்டால் தீர்மானமும் நிற்காது.

நேரம் இருந்தால் ராயபுரத்தைத் தொட்டுவிட்டு முடியுங்கள். 1782ஐ ஒட்டிய பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில்தான் ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. வடசென்னைக் கிழவிகள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்னதன் காரணம் அதுதான்.

அக்னி நட்சத்திரத்தில் கடை வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட ஆசை. 500 பேருக்கு எவ்வளவு வேண்டும்? போன வருடம் பக்கத்துக் கடைக்காரர் போட்டது மதியத்துக்குள் புளித்துவிட்டது.
மின்சாதனக் கடை, புரசைவாக்கம்

ஆளுக்கு 200 மில்லி என்றால் 500 பேருக்கு 100 லிட்டர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர்: தயிர் 25 லிட்டர், தண்ணீர் 75 லிட்டர். உப்பு அரை கிலோ. லிட்டருக்கு 5 கிராம் வீதம். இஞ்சி கால் கிலோ, பச்சைமிளகாய் 150 கிராம், கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் ஐந்தைந்து கட்டு, பெருங்காயம் 25 கிராம். இஞ்சி மிளகாயை அரைத்து, துணியில் வடித்து, சாறாகச் சேருங்கள். நறுக்கிப் போட்டால் அடியில் தங்கி, முதலில் குடிப்பவருக்கு வெறும் மோரும் கடைசியில் குடிப்பவருக்கு மிளகாயும் போகும். தாளிப்பு வேண்டாம், எண்ணெய் மிதந்து டம்ளர் கழுவுவது இரட்டிப்பு வேலையாகும்.

புளித்ததற்குக் காரணம் காலையிலேயே 100 லிட்டரையும் கலந்து அண்டாவில் வைத்ததுதான். சென்னை வெயிலில் கலந்த மோர் மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம். தயிரை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு மூன்று தவணையாகக் கலக்குங்கள்: பத்தரைக்கு, பன்னிரண்டுக்கு, ஒன்றரைக்கு. பழைய மோர் மிச்சமிருக்கும் பாத்திரத்தில் புதியதை ஊற்றாதீர்கள், மிச்சப் புளிப்பு உறைமோர் மாதிரி வேலை செய்துவிடும். வீட்டில் உறை ஊற்றுவதானால் மே மாதத்தில் லிட்டருக்கு ஒரு டேபிள் ஸ்பூன் போதும். இரவு ஒன்பதுக்கு ஊற்றி, விடிந்ததும் எடுத்துக் குளிரில் வைத்துவிட வேண்டும்.

ஐஸை மோருக்குள் போடவே போடாதீர்கள். மீன் பெட்டிக்குப் போகும் கட்டி ஐஸும் அதே வண்டியில்தான் வருகிறது. பெரிய டப்பில் ஐஸை நிரப்பி நடுவில் மோர்ப் பாத்திரத்தை இறக்கி வைத்தால் குளிர்ச்சி போதும். தண்ணீர் 20 லிட்டர் கேன் நான்கு மோருக்கு. வெறும் தண்ணீர் கேட்பவர்களுக்கு இன்னும் ஐந்து கேனாவது வேண்டும். பானை வைப்பதானால் புதுப் பானையை ஒரு நாள் முழுக்க ஊறவைத்துக் கழுவுங்கள். பழைய பானை குளிரவில்லை என்றால் நுண்துளைகள் உப்பால் அடைத்துவிட்டன என்று அர்த்தம், மாற்றத்தான் வேண்டும்.

டம்ளர் விஷயத்தில்தான் பந்தல்கள் பெயர் கெடுகின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்குத் தடை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் அதில் அடங்கும். எவர்சில்வர் டம்ளர் 60 வாங்கிவிடுங்கள். மூன்று டப்: சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், கொதிநீர். கழுவுவதற்கென்று ஒரு ஆள் தனியாக வேண்டும், மோர் ஊற்றுகிறவரே கழுவக் கூடாது. கழுவிய நீர் நடைபாதையில் ஓடினால் மாலைக்குள் ஈயும் வழுக்கலும் வந்துவிடும். ஒரு டிரம்மில் பிடித்துக் கழிவுநீர்க் குழியில் ஊற்றுங்கள். பந்தல் நடைபாதையைத் தொடுமானால் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது.

முதல் நாள் அமைச்சரோ கவுன்சிலரோ வந்து திறந்து, நான்காம் நாள் காலிப் பானை நிற்கும் பந்தல்கள் தெருவுக்கு ஒன்று. 25 நாளும் முடியாது என்றால் வாரத்தில் இரண்டு நாள் என்று பலகையில் எழுதி, அந்த இரண்டு நாளும் தவறாமல் வையுங்கள்.

அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிகளுடன் இருப்பவர்களுக்கு இரவுச் சாப்பாடு, 100 பேருக்கு. சாம்பார் சாதமா, தயிர்சாதமா?
ஓட்டல் நடத்துபவர், எழும்பூர்

கோடையில் சாம்பார் சாதம். 100 பேருக்கு அரிசி 7 கிலோ, துவரம்பருப்பு இரண்டரைக் கிலோ, காய் 6 கிலோ, புளி 400 கிராம், சாம்பார்ப் பொடி 400 கிராம், எண்ணெய் ஒரு லிட்டர். சாதம் ஆறினால் இறுகும், எனவே அடுப்பிலிருந்து இறக்கும்போது கரண்டியில் வழியும் பதத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கு 400 கிராம் வரும். தயிர்சாதம்தான் என்றால் பால் அதிகம், தயிர் குறைவு. கொடுக்கும் நேரத்துக்குள் அது தானே தயிராகிவிடும்.

சமைத்த சோறு 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்தால் அரிசியிலேயே இருக்கும் ஒரு வகைக் கிருமி வேகவைத்தும் சாகாமல் முளைத்து வாந்தியை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அது விட்ட விஷம் போகாது. ஆகவே மதியம் மிஞ்சியதை இரவுக்கு அனுப்புவது தர்மமில்லை. ஐந்தரைக்கு வெந்து, ஆறரைக்கு மூடி ஹாட் பாக்ஸில் ஏறி, எட்டுக்குள் தீர வேண்டும். ஒவ்வொரு நாளும் கால் கிலோ சாம்பிளை மூடி ஃப்ரிட்ஜில் மறுநாள் வரை வையுங்கள், புகார் வந்தால் அதுதான் உங்கள் சாட்சி. இலவச விநியோகத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு உண்டு. ஓட்டல் லைசென்ஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் கேட்டுச் செய்யுங்கள்.

எங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளிக்கு ஆர்ஓ மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரே வருடத்தில் மூலையில் கிடக்கிறது. யார் தப்பு?
பிளைவுட் வியாபாரி, கொளத்தூர்

யார் தப்பு என்பதை விடுங்கள், எது தப்பு என்று பார்ப்போம். மெஷின் வாங்கும் முன் தண்ணீரைச் சோதித்தீர்களா? கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்ஓ தேவையே இல்லை. வடிகட்டியும் யுவி விளக்கும் போதும். மெட்ரோ வாட்டர் வரும் பள்ளிக்கு ஆர்ஓ வைத்தால் பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போவதுதான் மிச்சம். போர் தண்ணீர் மட்டும்தான், அது உவர்ப்பு என்றால் ஆர்ஓ வேண்டும்.

அப்படி வேண்டுமென்றால், மெஷின் விலை பாதிக் கதை. முன்வடிகட்டி உருளை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒன்று மாற வேண்டும். கார்பன் வருடத்துக்கு ஒருமுறையாவது. மெம்பரேன் இரண்டு மூன்று வருடம் வரும், முன்வடிகட்டியை மாற்றாவிட்டால் எட்டு மாதத்தில் போய்விடும். உங்கள் மெஷின் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும். பள்ளியில் இந்தச் செலவுக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இருக்காது, தலைமையாசிரியர் சொந்தக் கையிலிருந்து எத்தனை முறை போடுவார்? ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தை (ஏஎம்சி) முதல் நாளே கட்டிவிடுங்கள், அல்லது அந்தத் தொகையை டெபாசிட்டில் போட்டு வட்டியில் நடத்துங்கள். சைதாப்பேட்டை உஸ்கானின் 1,500 வராகன் இதற்குத்தான்.

கழிப்பறை கட்டும் யோசனை இருந்தால் அதே கதை. 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்ப் பீங்கானும் என்பது அளவு. மேலே தண்ணீர்த் தொட்டி இல்லாமல் கட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பீங்கானைத் தாழ்த்தி வைக்க வேண்டும். கதவுத் தாழ்ப்பாள், குழாய் இரண்டும் முதலில் உடையும். உதிரி அரை டஜன் வாங்கிப் பள்ளியிலேயே வைத்துவிடுங்கள். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. அதன் வழியே போனால் பள்ளிக்கு உண்மையில் என்ன தேவை என்று தெரிந்துகொண்டு கொடுக்கலாம்.

கொடுத்த பொருளில் கடைப் பெயரை எழுதலாமா?
பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

தாராளமாக. உபயம் என்று எழுதும் மரபு கோயில் தூணிலேயே இருக்கிறது. பெயருக்குக் கீழே வருடத்தையும், பழுதானால் கூப்பிட வேண்டிய கடையின் எண்ணையும் எழுதுங்கள். வடிகட்டி மாற்றிய தேதி மட்டும் உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பித்தளைப் பலகை வேண்டாம், திருடு போகும். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டிவிட்டுக் காசோலையோடு நிறுத்திப் படம் எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்து என்ஜினீயரிங் போகும் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும். எதற்குக் கொடுப்பது?
மருந்துக் கடை, அம்பத்தூர்

கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுக்கும் முன் விசாரியுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை என்றால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். இவற்றால் அடைபடாத ஓட்டைகளை நீங்கள் அடைத்துக் கொடுங்கள்: லேப்டாப், முதல் மாதச் சாப்பாடு, வரைபடக் கருவிகள், அரியர் தேர்வுக் கட்டணம். உதவித்தொகை வரும் வரை மூன்று மாதம் கை கொடுக்கும் சுழல் நிதி 50,000 ரூபாய் இருந்தால் பத்துப் பிள்ளைகளைத் தாங்கும்.

மழை வெள்ளத்தில் என்ன கொடுப்பது? 2015இலும் 2023இலும் எங்கள் சங்கம் ரொட்டி கொடுத்தது, பாதி வீணானது.
பேக்கரி உரிமையாளர், வேளச்சேரி

எல்லோரும் ரொட்டிதான் கொடுக்கிறார்கள், அதனால் வீணாகிறது. முதல் மூன்று நாள் அடுப்பு தண்ணீரில் இருக்கும், எனவே அரிசி பருப்பு பயன்படாது. குடிநீர், பால் பவுடர், பிஸ்கட், அவல், சானிடரி நாப்கின், குழந்தை டயப்பர், டார்ச், பவர் பேங்க், கொசுவர்த்தி. மாடியில் இருப்பவர்களுக்குக் கயிறும் வாளியும் வேண்டும், இதை யாரும் நினைப்பதில்லை. தண்ணீர் வடிந்தபின் கதை மாறும்: பிளீச்சிங் பவுடர், பினாயில், துடைப்பம், ரப்பர் கையுறை, பாய், போர்வை, பாத்திரம், அதன்பிறகு அரிசி. பழைய துணி வாங்காதீர்கள், தெருவோரம் குவிந்து நனைந்து மாநகராட்சிக்குத்தான் வேலை. அடுத்த அக்டோபருக்கு முன்பே தெருவாரியாகப் படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் போகிறவர் யார் என்று ஒரு நோட்டு போட்டு வைத்திருங்கள். உங்கள் பேக்கரி டெலிவரிப் பையன்களுக்கு அந்த வீடுகள் ஏற்கெனவே தெரியும்.

எங்கள் தெருவில் ஐம்பது வருடம் எண்ணெய்க் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் பள்ளிக்கு இடம் கொடுத்தவர், இலவச மருந்தகம் நடத்தியவர். நூற்றாண்டு மலர் கொண்டுவரப் போகிறோம். அவர் வாழ்க்கையை எப்படிச் சரியாக எழுதுவது?
குடியிருப்போர் சங்கம், திருவொற்றியூர்

குடும்பத்தாரிடம் கடைசியாகப் போங்கள். அவர்கள் சொல்வது ஏற்கெனவே கதையாகியிருக்கும். முதலில் காகிதம். பள்ளிக்கு இடம் கொடுத்ததற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். தானப் பத்திரமா, குத்தகையா, குறைந்த விலைக் கிரயமா என்பது அதில்தான் தெரியும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் திறப்பு விழாக் கல்லும் தேதியை உறுதி செய்யும். கல் தேய்ந்திருந்தால் இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், எழுத்து நிழலோடு எழும்பும். செய்தித்தாள் தேட எழும்பூர் கன்னிமாரா நூலகம், தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

தமிழ் வருடத்தில் தேதி இருந்தால் கவனம். குரோதி என்று இருந்தால் அது 1904–05ஆ, 1964–65ஆ, 2024–25ஆ என்று பார்க்க வேண்டும். 1964–65 குரோதியின் தை மாதம் என்றால் 1964 இல்லை, 1965 ஜனவரி–பிப்ரவரி. இந்த ஓர் ஆண்டுப் பிழை மலர்களில் மிகச் சாதாரணம். பழைய தொகையை 'இன்றைய மதிப்பில் இத்தனை கோடி' என்று மாற்றாதீர்கள். அதே வருடம் அதே பேரேட்டில் கணக்குப்பிள்ளைக்கு என்ன சம்பளம், ஒரு டின் நல்லெண்ணெய் என்ன விலை என்று பக்கத்தில் போட்டால் வாசகருக்குத் தானே புரியும். 1957க்கு முந்திய கணக்கில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை.

ஆட்களில் கடைச் சிப்பந்திகள், கடன் வாங்கியவர்கள், மருந்தகத்தில் சீட்டு எழுதியவர் ஆகியோரைப் பிடியுங்கள். 'அவர் நல்லவரா?' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். மருந்தகம் எத்தனை மணிக்குத் திறக்கும், மருந்து தீர்ந்த நாளில் என்ன செய்வார், யாரைத் திட்டுவார் என்று கேளுங்கள். அவர் இறந்தபின் மருந்தகம் ஏன் நின்றது என்பதையும் எழுதுங்கள். மலர்களில் அந்தப் பக்கம் மட்டும் எப்போதும் இருக்காது.

பேரேடு, சிட்டை (அன்றாட வரவு செலவுக் குறிப்பு), ஐந்தொகை (ஆண்டு முடிவு இருப்புக் கணக்கு) கிடைத்தால் தைப்பைப் பிரிக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில், மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டவோ, பாதுகாப்பு என்று லேமினேட் செய்யவோ கூடாது. செல்லோடேப்பின் பசை சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தை மறைத்துவிடும், லேமினேட் செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது.